செம்புக்கும் இரும்புக்கும் நடுவே

சொன்ன விலைக்கு வாங்கிய பொருள் வீட்டில் தங்காது என்பது பெரியக்காவின் நம்பிக்கை. சலவைக்கூடத்துக்குச் சோப்புத்தூள் வாங்கினாலும் சரி, மகனுக்குப் பெண் பார்த்தாலும் சரி, எதிராளி ஒரு படியாவது இறங்கி வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பெண் பார்க்கப் போன இடத்தில், "காலேஜ்ல வேதியியல் நடத்துதா? நல்லது. சமையல் எப்படின்னு கேட்கல, அதுல கொஞ்சம் தள்ளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அப்படி வந்த மருமகள்தான் இன்று அந்த வீட்டில் அவளோடு எதிர்வாதம் செய்யக்கூடிய ஒரே ஆள். மகன் வண்டியில் துணி எடுத்துவரப் போய்விடுவான். இந்தக் கதையில் அவனுக்கு அதிகம் வேலையில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

பெரியக்காவின் தம்பி அவளுக்குச் சளைத்தவனல்ல. இரண்டு தெரு தள்ளிக் குழாய்க்கடை வைத்திருந்தான். அக்கா வருகிறாள் என்றால் விலையை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பான். பிறகு உயிரைப் பிடுங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இறக்குவான். அவன் ஏற்றியது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் இருவரும் ஜெயித்த முகத்தோடுதான் பிரிவார்கள். ஒருநாள் பேரம் இல்லாமல் பிரிந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி அறையில், மேசைக்கு மேலே, இரும்புச் சட்டத்தின் மீது வெந்நீர்த் தொட்டி. அதுவும் இரும்பு. அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கழுத்து. அந்தக் கழுத்தில் செம்புக் குழாய் திருகப்பட்டு, சுவரோரமாக இறங்கி இயந்திரங்களுக்குப் போனது. பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுச் செம்பு போட்டது அண்மையில்தான். "செம்புன்னா மூணு தலைமுறைக்குத் தாங்கும்" என்று தம்பி சொல்லியிருந்தான். செம்பு தாங்கியது. ஒரு பிற்பகல், இரும்புக் கழுத்துதான் ஒடிந்தது.

கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் மேல் தொட்டித் தண்ணீர் முழுவதும் கொதிக்கக் கொதிக்க இறங்கியது.

குழாயைப் பொருத்தியவர் அவள் கணவர். தெருவில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். மற்ற பிளம்பர்கள் திருகுமரையில் நாலு சுற்று நூல் சுற்றினால் இவர் எட்டுச் சுற்று சுற்றுவார். "அண்ணே, குழாய்க்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்று கேலி செய்வார்கள். "சொட்டாத குழாய்க்குத்தான் சட்டை வேணாம்" என்பார். அவர் பொருத்திய இணைப்பு சொட்டியதாக யாரும் சொன்னதில்லை. அதுதான் அவருடைய சொத்து.

மருத்துவமனையில் சில நாள் அவள் இருந்தாள். பிறகு இல்லை.

அந்த நாட்களில் ஒருநாள் மருத்துவமனை நடைவழியில் தம்பி மருமகளைக் கேட்டான். "நீ படிச்சவதானே, சொல்லு. புதுக் குழாய். நல்ல சரக்கு. எப்படி ஒடியும்?"

கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்த மருமகள் களைப்பில், யோசிக்காமல் சொன்னாள். "செம்பு இரும்பைத் தின்னுடுச்சு மாமா. ரெண்டையும் நேரா சேர்த்திருக்கக் கூடாது."

பக்கத்து பெஞ்சில் நூல்காரர் உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. அவர் தன் கைகளை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ போல் பார்த்தார்.

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. சலவைக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஆய்வாளர் வந்து விசாரிக்கும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. பின்கதவு வழியாக வந்து, இஸ்திரி மேசையின் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். தட்டில் வைத்ததைத் தொடவில்லை. அழவும் இல்லை. பெரியக்கா எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க. சரி, ஒரு வாய். அதுவும் வேணாமா? தண்ணியாவது குடிங்க."

உலகத்தில் யாரும் அவள் அவ்வளவு எளிதாக விலை இறங்குவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என் கைதான்க்கா" என்றார் அவர். "சேர்த்து வெச்சது இந்தக் கை. ஆய்வாளர் வந்ததும் சொல்லிடறேன். அப்புறம் ஸ்பேனரைத் தொட மாட்டேன்."

அப்புறம் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தவர்களுக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

அன்று மாலை தம்பி அக்காவைத் தனியே அழைத்துப் பேசினான். குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல பேரம் படியப்போகிற தொனியில் பேசினான். "அக்கா, அவரே சொல்றேங்கிறாரு. நாம யாரையும் மாட்டி விடல. பொருத்தின வேலைதான் தப்புன்னு போச்சுன்னா உன் கூடமும் பிழைக்கும், என் கடையும் பிழைக்கும். அவரை வாழ்நாள் பூரா நாம பார்த்துக்கலாம். குறுக்கே நிக்காதே."

பெரியக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பேரத்தில் அவள் பேசாமல் இருந்தால் பாதி சம்மதம் என்று தம்பிக்குத் தெரியும்.

மறுநாள் மருமகள் வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் ஒரு படம்: உப்புத்தண்ணீரில் ஓர் இரும்பு ஆணி, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. எலக்ட்ரானை வாங்கும் ஆக்சிஜனேற்றி எது, கொடுக்கும் ஒடுக்கி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் வரிசைப் பெண் எழுந்து படபடவென்று சொன்னாள். "இரும்பு ஒடுக்கி. செம்பு ஆக்சிஜனேற்றி, மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"போன வாரம் நீங்கதானே மேடம் சொன்னீங்க! காப்பர் சல்பேட்ல ஆணியைப் போட்டா இரும்பு கொடுக்கும், செம்பு வாங்கும்னு."

"அது கரைசல்ல இருந்த செம்பு அயனி. அதுக்குக் குறை இருந்துச்சு, வாங்கிச்சு. இது கம்பி. முழுசா இருக்கிற உலோகம். இது எலக்ட்ரானை வாங்கி என்னவா மாறும்? முகத்தைப் பார்த்துப் பேர் வைக்காதே. கொடுத்தது தனியா, வாங்கினது தனியா அரைவினை எழுதினியா?"

"இல்ல மேடம்."

"எழுதாம எப்படி ஒருத்தர் மேல..."

மருமகள் அங்கேயே நின்றுவிட்டாள். சாக்பீஸ் கையில் இருந்தது. மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடைவழி பெஞ்சும், திருப்பி வைத்த இரண்டு கைகளும் அவள் கண்முன் வந்தன. அவளும் எழுதவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருந்தாள்.

வகுப்பை முடித்துக்கொண்டு நேரே சலவைக்கூடத்துக்கு வந்தாள். ஒடிந்த துண்டு ஜன்னல் திட்டில் கிடந்தது. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். செம்புக் குழாயின் மரை நேற்றுக் கடைந்ததுபோல் கூர்மையாக இருந்தது. ஒரு பல் தேயவில்லை. அதைச் சுற்றியிருந்த இரும்போ பிஸ்கட்டைப் போல் நகத்துக்கே உதிர்ந்தது. உள்பக்கம் முழுக்கத் துரு.

"என்ன பார்க்கறே?" பெரியக்கா பின்னால் வந்து நின்றாள்.

மருமகள் வாடிக்கையாளர் துணியில் குறி போடும் பென்சிலை எடுத்தாள். இஸ்திரி மேசையின் வெள்ளை விரிப்பிலேயே எழுதினாள்.

Fe → Fe²⁺ + 2e⁻

"இது இரும்பு, அத்தை. தன்கிட்ட இருந்த எலக்ட்ரான் ரெண்டைக் கொடுத்துட்டுத் தண்ணிக்குள்ள கரைஞ்சு போயிடுச்சு. இது பாதிக் கதை. கொடுத்தவங்க கணக்கு மட்டும் தனியா."

"கொடுத்தவன் இருந்தா வாங்கினவன் ஒருத்தன் இருப்பானே."

"அதேதான்." கீழே இன்னொரு வரி எழுதினாள்.

O₂ + 2H₂O + 4e⁻ → 4OH⁻

"வாங்கினது தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன். காத்துல இருக்கே, அதேதான். இது மீதிப் பாதி."

பெரியக்கா குனிந்து இரண்டு வரிகளையும் பார்த்தாள். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரிந்தது. "அவன் ரெண்டு கொடுக்கறான். இவன் நாலு வாங்கறான். இடிக்குதே."

"ரெண்டு இரும்பு கொடுத்தாதான் ஒரு ஆக்சிஜனுக்குப் போதும். கொடுத்ததும் வாங்கினதும் சரியாகணும். நடுவுல எதுவும் தொங்கக் கூடாது."

"அப்படிச் சொல்லு." கணக்கு நேரானதில் அவளுக்கு ஒரு கணம் பழைய தெம்பு வந்தது. "இதுல பேர் யாருக்கு என்ன?"

"வாங்கினது ஆக்சிஜனேற்றி. இழந்த இரும்பு ஒடுக்கி."

"இழந்தவனுக்கு ஒடுக்கின்னு பேரா? நல்ல பாடம் நடத்தறீங்க போ! பறிகொடுத்தவன் தலையிலேயே பழி."

"பேர் அவனுக்கு நடந்ததை வெச்சு இல்ல அத்தை. அவன் எதிர்ல இருக்கிறவனுக்கு என்ன செஞ்சான்னு பார்த்து வைக்கறது."

பெரியக்கா மேசைக் காலருகே பார்த்தாள். நூல்காரர் அங்கே இல்லை. வெளியே வராந்தாவில், மனைவியின் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரி, செம்பு எங்கே? ரெண்டு வரியிலும் காணோமே."

"காணோம். அதைத்தான் நான் பார்க்காம விட்டேன். செம்பு எதையும் இழக்கல, எதையும் தனக்குன்னு வெச்சுக்கல. இரும்பு கொடுத்ததை வாங்கி, தன் மேல வந்து நிக்கிற ஆக்சிஜன்கிட்ட கைமாத்தி விட்டுச்சு. அவ்வளவுதான். அது இல்லாட்டியும் இரும்பு துருப்பிடிக்கும்; மெதுவா, பல வருஷத்துல. இது இருந்ததால மளமளன்னு முடிஞ்சு போச்சு. வெந்நீர் வேற."

"தரகர்" என்றாள் பெரியக்கா.

மருமகள் நிமிர்ந்தாள்.

"நடுவுல நின்னு முடிச்சு வைக்கிறவன். அவன் கையில எதுவும் ஒட்டாது. வீடு கைமாறினதும் அவன் சட்டை கசங்காம போயிடுவான். ஆனா அவன் இல்லேன்னா அந்த வியாபாரம் படிஞ்சிருக்காது." சொல்லிவிட்டு அந்தச் செம்பு மரையை விரலால் தடவினாள். "இரும்பும் செம்பும் ஒண்ணை ஒண்ணு தொட்டாதான் இது நடக்குமா?"

"ஆமா. எலக்ட்ரான் போக வழி வேணும். நடுவுல மின்சாரம் கடத்தாத ஏதாவது இருந்தா, இந்தப் பேரமே நடக்காது. அதுக்குத்தான் செம்புக் குழாய் செட்டோட ஒரு நைலான் புஷ் வரும். கட்டை மோதிரம் மாதிரி, ஒரு முனையில வெளி மரை, மறு முனையில உள் மரை, ரெண்டும் ஒரே அளவு. இரும்புக் கழுத்துல அதைத் திருகி, அதுக்குள்ள செம்பைத் திருகணும். இதுல அது இல்ல. நூல்காரர் எறிஞ்சிருக்க மாட்டார். மாமா கடையிலதானே வாங்கினீங்க? பெட்டியில இருந்திருக்கணுமே, அது எங்கே..."

மருமகள் பேச்சை நிறுத்தினாள். மாமியாரின் கை மரையின் மேல் அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"பெட்டி பிரிச்சுத்தான் வந்துச்சு" என்றாள் பெரியக்கா.

அவள் சொல்லச் சொல்ல அந்த நாள் அறைக்குள் வந்து நின்றது. தம்பியின் கடை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். எல்லாம் இறங்கி முடிந்து, இன்னும் ஒரு படி இறங்கு என்று அவள் நின்றாள். "அக்கா, இதுக்கு மேல இறக்கினா இந்தப் புஷ்ஷை எடுத்துக்குவேன்" என்று அவன் பெட்டியைப் பிரித்தான். "தாராளமா எடுத்துக்கோ! பிளாஸ்டிக் வளையம், அதுக்கும் ஒரு விலையா?" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் பின்னாலிருந்த டப்பாவில் போட்டான். கடைசிப் படியையும் இறக்கிவிட்டேன் என்று அவள் வந்தாள். வேறொருவருக்குத் தனியாக விற்க ஒரு சாமான் மிச்சம் என்று அவன் இருந்தான். அது என்ன வேலை செய்யும் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. விலைதான் தெரியுமே.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் பெரியக்கா. அதைச் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள்.

மருமகள் வராந்தாவுக்குப் போய் நூல்காரரின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அன்று ஆஸ்பத்திரியில் தான் சொன்னது தவறு என்றாள். செம்பு தின்னவில்லை என்றாள். இரும்பு கொடுத்ததை, ஆக்சிஜன் வாங்கியதை, நடுவில் இருக்க வேண்டிய புஷ் இல்லாமல் போனதை, யாரிடமும் காட்டாத பொறுமையோடு சொன்னாள்.

அவர் கடைசிவரை கேட்டார். "யாரு தின்னா என்ன டீச்சரம்மா? புஷ் ஒண்ணு வரணுமேன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல. அப்புறம் சிவப்பா கறை இறங்குச்சு. பார்த்தேன். இன்னும் நாலு சுத்து நூல் சுத்தினேன். அவதான் சொன்னா, மேலேருந்து சொட்டுதுங்கன்னு. என் பொண்டாட்டி சொல்லித்தான் சுத்தினேன். சுத்திட்டு, இனி சொட்டாது போடின்னேன்."

அவர் மடியிலிருந்து நழுவிய துணிப் பையை மருமகள் எடுத்துத் திரும்ப வைத்தாள்.

ஆய்வாளர் வந்த காலையில் எல்லோரும் இஸ்திரி அறையில் நின்றார்கள். தம்பி புதுச் சட்டை போட்டிருந்தான். ஆய்வாளர் ஒடிந்த கழுத்தைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், மேசை விரிப்பில் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார். "இணைப்பைப் பொருத்தினது யாரு?"

"நான்தான் சார்." நூல்காரர் ஓரடி முன்னால் வந்தார். "என் கைதான். தப்பு என்னோடதுதான்..."

"இருங்க" என்றாள் பெரியக்கா.

தம்பி அவள் முழங்கையைத் தொட்டான். "அக்கா, அவரு பேசட்டும்."

"நீ சும்மா இரு. பேசறது எனக்குப் புதுசா?" ஆய்வாளரைப் பார்த்துத் திரும்பினாள். கடையில் நிற்பதுபோலவே நின்றாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "திருகினது அவரு. நடுவுல வைக்க வேண்டிய புஷ்ஷைப் பேரத்துல வேணாம்னு தள்ளினது நான். எடுத்து வெச்சுக்கிட்டது என் தம்பி. அவர் கைக்கு வந்தது பிரிச்ச பெட்டி."

"அம்மா, இதைச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும். இதுல கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு நான் கேட்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்கு. மேலேருந்து சொட்டுதும்மான்னு அந்தப் பொண்ணு என்கிட்டயும் வந்து சொன்னா. ஆள் வரவழைச்சா செலவாச்சே. 'வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு என்கிட்ட வர்றியே, இன்னும் நாலு சுத்து சுத்தச் சொல்லு'ன்னேன். சிரிச்சுக்கிட்டே போனா."

தம்பி தரையைப் பார்த்தான்.

நூல்காரர் மெல்லத் திரும்பினார். "உங்ககிட்டயும் சொன்னாளா?"

"சொன்னா."

"என்கிட்ட மட்டும்தான் சொன்னாள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." அவர் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அவளுக்கு பயமா இருந்திருக்கு. என்னை நம்பாம இல்ல... பயந்திருக்கா. ரெண்டு பேர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கா, யாராவது பார்ப்பாங்கன்னு."

மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை நாளும் வராத அழுகை. தோள் குலுங்க, சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதார். பெரியக்கா அவர் பக்கத்தில் போகவில்லை. போக உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அன்று மதியம் நூல்காரர் தட்டிலிருந்ததைக் கொஞ்சம் சாப்பிட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

விசாரணை, அபராதம், பூட்டு எல்லாம் அதனதன் வேகத்தில் நடந்தன. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தம்பியின் கடைக்கும் ஆள்கள் வந்து சரக்கைப் புரட்டிவிட்டுப் போனார்கள். அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். கூடத்தைத் திறக்க அனுமதி வந்தபோது புதுத் தொட்டி வைக்க வேண்டியிருந்தது. யார் பொருத்துவது என்ற பேச்சு வந்ததும், கதவோரமாக நின்ற நூல்காரர் சொன்னார். "நான் போடறேன். வேற ஆள் போட்டா நான் இந்தக் கூரைக்குக் கீழே நிக்க மாட்டேன்."

பெரியக்கா தம்பியின் கடைக்குப் போனாள்.

அவன் கல்லாவில் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான், உட்கார்ந்தான். அவள் கண் அவனுக்குப் பின்னாலிருந்த டப்பாவுக்குப் போனதும் அதை இழுத்து, அந்த நைலான் புஷ்ஷை எடுத்துக் கல்லாமேல் வைத்தான்.

"என்ன விலை?"

பழக்கதோஷம். ஏற்றித்தான் சொன்னான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெரியக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவன் சொன்னதை அப்படியே எடுத்துக் கல்லாமேல் வைத்தாள்.

தம்பி பணத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, நான் ஏத்திச் சொன்னேன்."

"தெரியும்."

"கொஞ்சம் குறைச்சுத் தர்றேனே."

"வேணாம்."

"அக்கா, பாதி போதும். சரி, எதுவும் வேணாம், சும்மா எடுத்துக்கோ. ஏதாவது கேளுக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை குறைச்சுக் கேளு." அவன் பணத்தைத் திருப்பித் தள்ளினான்.

அவள் புஷ்ஷை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அவன் கல்லாவைச் சுற்றி ஓடிவந்து வாசல்வரை விலையை இறக்கிக்கொண்டே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்தில் நூல்காரர் ஏணியின் கீழே காத்திருந்தார். அவள் நீட்டியதை வாங்கி, இரண்டு விரலுக்கு இடையில் அழுத்திப் பார்த்தார். ஓட்டை வழியே வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான்."

அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். பெரியக்கா கீழேயே, இஸ்திரி மேசை இருந்த இடத்தில், நேராகத் தொட்டிக்கு அடியில் போய் நின்றுகொண்டாள். தண்ணீர் திறந்து, சூடேறி, மேலிருந்து அவர் "சொட்டலை" என்று சொல்லும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.